வட்டம் விழாத தட்டு

ஷெனாலியின் அழைப்பு வந்தபோது மரிய கொறற்றி பதினோராம் நம்பர் மலையில் இடுப்பளவுத் தேயிலைக்குள் நின்றிருந்தாள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய மூடுபனியில், அடுத்த நிரையில் கொழுந்தெடுப்பவளின் தலைத்துண்டு மட்டும்தான் தெரிந்தது. காலை எட்டு மணிக்குத் தூறத் தொடங்கிய மழை பத்தரை ஆகியும் விடவில்லை. சட்டைக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை ஈரக் கையால் எடுப்பதற்குள் அது இரண்டு தடவை அடித்து ஓய்ந்து, மூன்றாம் தடவையும் அடித்தது.

"அம்மா, வட்டம் விழுந்திருச்சு," என்றாள் மகள். "பெரிய வட்டம். இருபத்தெட்டு மில்லிமீட்டர்."

கொறற்றிக்கு மில்லிமீட்டர் தெரியாது. வட்டம் தெரியும். மூன்று மாதமாக அந்த வீட்டில் அதுதான் பேச்சு.

ஷெனாலி பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அந்த லயத்திலிருந்து விஞ்ஞானம் படிக்கப் போன முதல் பிள்ளை. பட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று வந்தபோது, முகப்பருவை உண்டாக்கும் கிருமியை மூலிகைச் சாறு தடுக்குமா என்று பார்ப்பதை அவள் எடுத்துக்கொண்டாள். அம்மா வீட்டில் காய்ச்சி விற்கிற பரு மருந்துதான் அதற்குக் காரணம். அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று ஒரு விடுமுறையில் ரொட்டி மாவைத் தட்டி அம்மாவுக்குச் செய்தே காட்டினாள். உறைந்த கஞ்சி மாதிரி ஒன்றைத் தட்டில் ஊற்றி, அதன்மேல் கிருமியைப் பூசி, சிறு குழி தோண்டி, குழிக்குள் மருந்தை விடுவார்கள். அந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. அதனால் காற்றை எடுத்த ஜாடிக்குள் மூன்று நாள் மூடி வைப்பார்கள். மருந்து வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிந்த வட்டம் இருக்கும். இல்லாவிட்டால் குழியின் வாய்வரைக்கும் வெள்ளையாய் முளைத்துக் கிடக்கும்.

குப்பைமேனிக்கு வட்டம் விழவில்லை. வல்லாரைக்கு விழவில்லை. சாதிக்காய்க்கு விழவில்லை. பச்சை மஞ்சளுக்கு இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மரமஞ்சளான வெனிவெல் கட்டைக்கு மட்டும் குழியை ஒட்டி நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. ஒவ்வொரு ஞாயிறும் ஷெனாலி இதைப் போனில் சொல்வாள். கடைசியில்தான், ஐந்தும் சேர்த்து அம்மா காய்ச்சிய மருந்தையே டப்பாவிலிருந்து எடுத்து வைத்தார்கள்.

"ஒங்க மருந்துக்குத்தாம்மா. லேப்புல எல்லாரும் வந்து பாத்தாங்க."

கங்காணி றொபின்சன் மேலே ரோட்டில் நின்று, போன் பேசுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று சத்தம் போட்டார். கொறற்றி போனைப் பைக்குள் சுற்றிக்கொண்டு மறுபடி கொழுந்தில் கை வைத்தாள். கை ஓடவில்லை. பக்கத்து நிரைக்காரி என்னவென்று கேட்டதற்கு, கேம்பஸில் என் மருந்துக்கு வட்டம் விழுந்திருக்கிறதாம் என்றாள். அது அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் மத்தியானம் கொழுந்து மடுவத்தில் நிறுக்கப் போனபோது, எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

கொறற்றிக்கு வைத்தியம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பதினாலு வயதில் மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தவள். ஷெனாலிக்குப் பதினைந்து வயதில் முகம் முழுக்கப் பரு வந்து, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று காம்பராவுக்குள் கிடந்தபோது, அவளாகவே கண்டதையும் அரைத்துப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் பூசி ஒரு நாள் வைத்திருப்பாள். எரியாவிட்டால்தான் மகளுக்கு. குப்பைமேனியைக் கக்கூஸ் பாதையோரத்தில் பிடுங்கினாள். வல்லாரையை ஓடைக்கரையில் அறுத்தாள். வெனிவெல் கட்டையை மாத்தளைக் கடைத்தெருவில் ஹாஷிம் நானாவின் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினாள். தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் எவ்வளவு சேர்த்தால் விரலில் ஒட்டாமல் முகத்தில் நிற்கும் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தில் ஷெனாலியின் முகமும் தெளிந்துவிட்டது.

அதைப் பார்த்து லயத்துப் பெண்கள் கேட்டார்கள். சில வருடம் தட்டிக் கழித்தவள், கடைசியில் கொஞ்சம் டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தாள். முதல் தடவை கொடுத்தது சரிவரவில்லை. இரண்டு பேர் ஒன்றுமே ஆகவில்லை என்றார்கள். ஒருத்தி பூசைக்குப் போகிற வழியில், பத்துப் பேருக்கு முன்னால், கொழுந்துக்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டுவிட்டாள். கொறற்றி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வெனிவெல்லை இரட்டிப்பாக்கிக் காய்ச்சினாள். அந்தத் தடவை பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் பரு அமுங்கிற்று, முகம் வெளுத்தது. கேலி பேசியவளே திரும்பி வந்து இரண்டு டப்பா கேட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். இறத்தோட்டையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் தையல் ஃபெக்டரிப் பெண்கள் ஆளனுப்பினார்கள். மாத்தளையில் பஸ்ஸில் ஏறினால், நீங்கள்தானே அந்த மருந்துக்கார அம்மா என்று சிங்களத்தில் கேட்டு, எழும்பி இடம் கொடுத்தார்கள். முப்பது வருடம் மலையில் நின்றும் அவளுக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை.

காய்ச்சுவது கொறற்றி. ஆறியதும் டப்பாவில் அடைப்பது அவள் புருஷன் சிறில். பதினெட்டு வருடம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிற ஆளாக இருந்தவர். டிஸ்பென்சரியை மூடிய பிறகு வேறு வேலை அமையவில்லை. அவள் மலைக்குப் போன பிறகு குசினியில் உட்கார்ந்து, கையை இரண்டு தடவை சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு டப்பா கூடக் குறையாமல் நிரப்பி வைப்பார். அவ்வளவு சுத்தம் வேறு யாருக்கு வரும் என்று கொறற்றி சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

வட்டம் விழுந்த செய்தி வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் ஷெனாலி வந்தாள். கொறற்றி அன்றைக்கு அரைநாள் வேலையோடு வந்து நெத்தலிக் கருவாடு பொரித்து, வல்லாரைச் சம்பல் போட்டு, சோறு வடித்து வைத்திருந்தாள். சிறில் முன்வாசல் இஸ்தோப்பில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பலாக்கொட்டைக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். ஷெனாலி நனைந்த தலையைத் துவட்டாமலே குசினிக்குள் வந்து அடுப்படியில் குந்தினாள். அவளுக்குப் பசி இல்லையாம்.

"அம்மா, மருந்துல வேற என்னா போடுவீங்க?"

"ஒனக்குத் தெரியாதா? நீதானே கொப்பியில எழுதுன."

"எழுதுனது தெரியும். எழுதாம விட்டது ஏதும் இருக்கான்னு கேக்குறேன்."

கொறற்றிக்குச் சுருக்கென்றது. சொந்த மகள் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டு, ஐந்து சரக்கையும் எண்ணெயையும் மெழுகையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஷெனாலி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரே அளவாய்ப் பெரிய வட்டம்.

ஒன்று அம்மாவின் மருந்து என்றாள். மற்றது ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கெப்சூல் மருந்து. மூலிகைச் சாறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதோடு சரிக்குச் சரி நிற்காது. அதனால் வாத்தியார், அவர்கள் சேர் என்று சொல்கிறவர், வட்டத்தைப் பார்த்ததும் சந்தோஷப்படவில்லை. ஐந்து சாற்றையும் அம்மா சொன்ன அளவில் நீயே கலந்து வை என்றார். அவளே கலந்து வைத்தாள். வட்டம் விழவில்லை. டப்பாவிலிருந்து மறுபடி வைத்தாள். விழுந்தது. அதன்பிறகு டப்பா மருந்தை மெஷினில் போட்டுப் பார்க்கிற இடத்துக்குச் சேர் அனுப்பினார். முந்தாநாள் முடிவு வந்தது.

"கிளிண்டமைசின்னு ஒரு மருந்து இருக்காம். அந்தக் கெப்சூலுக்குள்ள இருக்கிறதுதான். அதோட ஸ்டீரோயிட்டும் இருக்காம். அதுதான் மொகத்த ஒடனே வெள்ளையாக்குறது."

கொறற்றிக்கு முதலில் ஹாஷிம் நானா மேல்தான் கோபம் வந்தது. அந்த மனுஷன் கட்டையை எதிலாவது ஊற வைத்து விற்கிறார் போல, திங்கட்கிழமையே போய்க் கேட்கிறேன் என்றாள்.

"கட்டையில கெப்சூல் மொளைக்காதும்மா," என்றாள் ஷெனாலி. "நான் கலந்ததும் அவரு கடைக் கட்டைதான்."

இஸ்தோப்பில் கத்திச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கொறற்றிக்குத் தெரியாது. தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. அவள் எழுந்து வாசல்வரைக்கும் போனாள். சிறில் பலாக்கொட்டைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

"நான்தான்," என்றார்.

கொறற்றி வாசற்படியைத் தாண்டி இஸ்தோப்புக்கு வந்தாள்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது தடவையில இருந்து."

இரண்டாவது தடவை என்றால் வெனிவெல்லை இரட்டிப்பாக்கிய தடவை. அது அவளுக்கு உறைக்கச் சிறிது நேரம் எடுத்தது. அப்படியானால் அவள் கையால் மட்டும் ஆனது முதல் தடவை கொடுத்தது ஒன்றுதான். ஒன்றுமே ஆகவில்லை என்று அவர்கள் திருப்பிச் சொன்னது.

சிறில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். மாத்தளையில் டொக்டர் துண்டு கேட்காமல் கொடுக்கிற ஒரு பார்மசியில், முகத்தை வெளுக்க வைக்கிற கிரீம் டியூபும் கெப்சூலும் வாங்குவாராம். கெப்சூலைப் பிரித்துத் தூளைக் கரண்டியால் நசுக்கிக் கிரீமோடு குழைத்து, ஆறிய மருந்தில் கலப்பாராம். ஒரு தடவைக்கு மட்டும் என்றுதான் நினைத்தாராம். அடுத்த தடவை போடாமல் விட்டால் மறுபடி குறை சொல்லி வருவார்களே என்று போட்டாராம். அதற்கடுத்த தடவையும் அதே பயம்தானாம்.

"நீ ரெண்டு நாளு தண்ணி கூடக் குடிக்கல," என்றார். "செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்த. கல்யாணம் கட்டி இருபத்தஞ்சு வருசத்துல நீயா ஒண்ணு செஞ்சு நான் பாத்ததில்ல. அது வீணாப் போறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல, கொறற்றி."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன். ஒங்கள யாரு கேட்டா?"

அவர் பலாக்கொட்டைச் சட்டியை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

ஷெனாலி அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். "அப்பா, நீங்க டிஸ்பென்சரியில இருந்தவரு. அந்தக் கிரீம மொகத்துக்கு இத்தன நாளு போட்டா தோலு என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியும். அந்தக் கெப்சூல் மருந்த இப்புடிச் சொட்டுச் சொட்டாப் பூசுனா கிருமி அதுக்குப் பழகிரும்னும் தெரியும்."

"கொஞ்சம்தான் புள்ள போட்டேன்."

"தெரியும்தானே?"

"தெரியும்," என்றார் சிறில்.

அன்றைக்குச் சோறு அப்படியே இருந்தது. சாயங்காலம் ஷெனாலி அம்மாவின் போனிலிருந்து வாங்கின எல்லோருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் செய்தி எழுதினாள். மருந்தில் ஆஸ்பத்திரி மருந்து கலந்திருக்கிறது, இனிப் பூச வேண்டாம், தோல் டொக்டரிடம் காட்டுங்கள் என்று. அனுப்பட்டுமா என்று கேட்டாள். யார் கலந்தது என்று போடவில்லையே என்றாள் கொறற்றி. போட வேண்டுமா என்று மகள் திருப்பிக் கேட்டபோது அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பெயரில்லாமலே செய்தி போயிற்று. படித்தவர்கள் எல்லோருக்கும் அது கொறற்றி செய்த வேலையாகத்தான் இருந்தது. ஒருத்தி பொலிசுக்குப் போவேன் என்று எழுதினாள். சிலர் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார்கள். மற்றவர்கள் எழுதியதுதான் கொறற்றிக்கு விளங்கவேயில்லை. பரவாயில்லை அம்மா, மிச்சம் இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. விடியற்காலையில் ஓடைக்கரைக்கு இறங்கி வல்லாரை அறுத்தாள். அட்டை ஏறிய காலில் இரத்தம் வழிய வழிய மேலே வந்து, குப்பைமேனி பிடுங்கி, மண் போகக் கழுவினாள். சாதிக்காயைக் கல்லில் இழைத்தாள். வெனிவெல் கட்டையைக் கத்தியால் சுரண்டிச் சட்டியில் போட்டு, ஒன்றுக்கு நாலாய்த் தண்ணீர் விட்டு, அது மஞ்சளாகிக் காவியாகிச் சுண்டுகிறவரைக்கும் அடுப்பை விட்டு நகரவில்லை. ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. சிறில் விறகு கொண்டுவந்து வாசலில் நின்றபோது, அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் குசினிக்குள் கால் வைக்கக்கூடாது என்றாள். அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்டுக்கொட்டிலில் போய் உட்கார்ந்தார். அங்கேயே மத்தியானம்வரை இருந்தார்.

மருந்து ஆறியதும் அவளே ஒரு டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி நூல் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். ஷெனாலி கேம்பஸ் இருக்கிற கண்டியிலிருந்து ரயிலில் வந்து ஸ்டேஷனில் நின்றாள்.

"இதுல யாரு கையும் படல," என்றாள் கொறற்றி. "இத வச்சுப் பாரு."

"அம்மா, அஞ்சையும் நான் கலந்து பாத்தாச்சுதானே."

"நீ கலந்தது நீ கலந்தது. இது நான் காச்சுனது."

ஷெனாலி டப்பாவை வாங்கிக்கொண்டாள். சேர் ஒத்துக்கொள்வாரோ தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். பிறகு, தயங்கித் தயங்கி, வினோஜாவின் தட்டும் இந்த வாரம்தான் ஜாடிக்குள் போகிறது என்றாள்.

வினோஜா பின் லயத்து இருளாண்டியின் மகள். மாத்தளையில் ஒரு துணிக்கடையில் கெஷியராக இருந்தாள். மருந்தை விடாமல் இரண்டு வருடம் பூசியவள் அவள்தான். கொறற்றியைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். ஆட்களின் முகத்திலிருந்தே கிருமி எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று சேர் ஆள் தேடியபோது, பெரியம்மா மருந்துக்காக என்று முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

காத்திருந்த நாட்களில் கொறற்றி மலைக்குப் போய் வந்தாள். காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் பெண்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். றொபின்சன் கங்காணிகூட ஒன்றும் கேட்காமல் அவளுக்கு நிரை காட்டினார். வீட்டில் இரண்டு பேரும் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றார்கள், அவர் இஸ்தோப்பில், அவள் அடுப்படியில். வெள்ளிக்கிழமை சிறில், வில்கமுவையில் தம்பி இருக்கிற பக்கம் நெல் அறுப்புக்கு ஆள் கேட்கிறார்களாம், போகட்டுமா என்று கேட்டார். போவதற்காகக் கேட்கவில்லை, இரு என்று சொல்வதைக் கேட்பதற்காகத்தான் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. சாரத்தையும் சட்டையையும் மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். அவர் பாதையில் இறங்கி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் அப்போது வாசலில்தான் நின்றிருந்தாள். கையசைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஷெனாலி போன் எடுக்காமல் நேரே வந்துவிட்டாள். அதிலேயே கொறற்றிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு, காட்டு என்றாள்.

முதல் படத்தில் தட்டு முழுக்க வெள்ளை. குழியின் வாய்வரைக்கும் முளைத்திருந்தது. உள்ளே மருந்து அப்படியே மஞ்சளாய் இருந்தது. கொறற்றி போனைக் கிட்டத்தில் பிடித்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள். எண்ணெயும் மெழுகும் இருப்பதால் வெனிவெல் சாறு வெளியே ஊறி வராமல் இருந்திருக்கலாம், தனியாக வைத்தபோது ஒரு கோடு விழுந்ததுதானே என்று மகள் ஆறுதல் சொல்லப் பார்த்தாள்.

"மெழுகு போட்டது யாரு? நான்தானே," என்றாள் கொறற்றி. "அடுத்தது."

இரண்டாவது படம் வினோஜாவின் முகத்திலிருந்து எடுத்து வளர்த்த கிருமி. அதில் நாலு குழி. ஒன்றில் வெனிவெல் சாறு, ஒன்றில் சிறில் கலந்த பழைய மருந்து, ஒன்றில் இப்போது காய்ச்சியது, ஒன்றில் ஆஸ்பத்திரி மருந்து. கொறற்றி நாலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுக்குக் கூடவா?"

"ஒண்ணுக்குக் கூட இல்லம்மா. ஆஸ்பத்திரி மருந்துக்கும் அது பழகிருச்சு."

"அப்ப அந்தப் புள்ளைக்கு எதக் குடுக்குறது?"

வேறு மருந்துகள் இருக்கின்றன, டொக்டர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும், நாள் எடுக்கும் என்றாள் ஷெனாலி. பிறகு தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். டப்பா மருந்தை விட்டுவிட்டு ஐந்து சாற்றை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாராம் சேர். வட்டம் விழாததும் ஒரு முடிவுதானாம். அவளுக்குப் பட்டம் கிடைத்துவிடுமாம்.  கொறற்றி மகளின் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பருவின் சின்னக் குழிகள் இரண்டு கன்னத்திலும் இன்னும் இருந்தன. தன் மருந்தால் மாறியது என்று இத்தனை வருடம் நினைத்திருந்த முகம். வயதானதால் தானாக அடங்கியிருக்கும். மகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்றும், சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்றும் அப்போதுதான் பட்டது. கேட்கவில்லை. ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா போறீங்க?"

"வினோஜா வீட்டுக்கு."

நானும் வருகிறேன் என்று எழுந்த மகளை இருக்கச் சொல்லிவிட்டாள். மழை விட்டிருந்தது. பின் லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பெண் அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று படிக்குப் படி நினைத்துப் பார்த்தாள். எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அது இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் முகத்தில்தான் போய் நின்றது.

இருளாண்டி கதவைத் திறந்தார். ஃபெக்டரியில் இலை வாட்டுகிற வேலை அவருக்கு. ஷிஃப்ட் முடிந்து வந்து, உடுப்பில் வாட்டிய கொழுந்தின் வாசம் போகாமல் நின்றார். வாங்க மதினி என்று மட்டும் சொல்லி வழி விட்டார். ஜன்னலுக்குச் சேலை கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். வினோஜா கட்டிலில் சுவர்ப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்தி போன அன்றைக்கே மருந்தை நிறுத்தியவள். நாலாம் நாள் முகம் கொதிக்கத் தொடங்கிற்றாம். ஆறு நாளாக வேலைக்குப் போகவில்லை. கவுண்டரில் இந்த முகத்தோடு நிற்க வேண்டாம், சரியானதும் வா என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

கண்ணுக்கு இருட்டுப் பழகியதும் கொறற்றி பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரைக்கும் வெந்நீர் கொட்டிய மாதிரிச் சிவந்து, தோல் பளபளவென்று கண்ணாடித்தாள் போல் இழுத்துக்கொண்டு நின்றது. அதன் அடியில் நரம்பு சிவப்பு நூலாய் ஓடியது. அதன்மேல் சீழ் வைத்த பரு, விரல் வைக்க இடமில்லாமல். கண் இமைகூட வீங்கியிருந்தது.

கொறற்றி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். நினைத்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். யார் கலந்தது, எத்தனை நாளாக, எதற்காக என்பதையெல்லாம் சொன்னாள். தான் காய்ச்சியதில் ஒன்றுமே இல்லை என்பதைச் சொன்னாள். தட்டில் அவளுடைய கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்பதையும் சொன்னாள். இருளாண்டி அலுமாரியில் முதுகைச் சாய்த்து நின்று கேட்டார். 

"பெரியம்மா," என்றாள் எல்லாம் முடிந்த பிறகு. "அந்தப் பழைய மருந்து ஒரு டப்பா கெடக்கா?"

"நான் சொன்னது ஒனக்கு வெளங்கலியா புள்ள?"

"வெளங்குது. கிருமி சாகாட்டிப் பரவாயில்ல. அதப் பூசுனா எரியாது. எனக்கு அது போதும்."

"இல்ல புள்ள. எல்லாத்தையும் மண்ணுல பொதைச்சாச்சு."

"அப்ப பெரியப்பாகிட்ட கேட்டு அந்தக் கிரீம் பேர மட்டும் சொல்லுங்க. நானே பார்மசியில வாங்கிக்கிறேன்."

கொறற்றிக்கு அந்தப் பேர் தெரியும். ஷெனாலி கடுதாசியில் எழுதி வைத்ததை அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததிலிருந்து, மலையில் கொழுந்தெடுக்கும்போதுகூட அதுவே வாயில் ஓடிக்கொண்டிருந்தது. டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.  இருளாண்டிதான் சொன்னார். அந்தக் கிரீமுக்குப் பழகிய தோல் அதை விட்டதால்தான் எரிகிறதாம், மறுபடி பூசினால் இன்னும் மோசமாகுமாம், இனி எதையும் பூசக்கூடாதாம். குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து வைக்க வேண்டுமாம். தோல் தானாகத் தேறிவர ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாமாம். அதுவரைக்கும் எரியத்தான் செய்யுமாம். பழையபடி ஆகுமா என்று கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றாராம் டொக்டர்.

"சொல்லிட்டுப் போங்க மதினி," என்றார் இருளாண்டி. குரலில் கோபம் இல்லை. "புள்ள தூங்கி ஆறு நாளாச்சு. கொஞ்சூண்டு பூசட்டும்."

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கொறற்றிக்குத் தோன்றியது. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவள் எழுந்து, மூலையிலிருந்த பேசனை எடுத்து வெளியே பைப்படிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீர் பிடித்து வந்தாள். தலைத்துண்டின் நனையாத பக்கத்தைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மடித்து, வினோஜாவின் கன்னத்தில் வைத்தாள். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டது அவள் விரலில் தெரிந்தது. துணி கொஞ்ச நேரத்திலேயே சூடாகிவிட்டது. எடுத்து மறுபடி முக்கினாள். மறுகன்னத்தில் வைத்தாள். அதுவும் சூடாகிற்று. நெற்றியில் வைத்தாள்.

"பேரு மட்டும் சொல்லுங்க பெரியம்மா," என்றாள் வினோஜா, கண்ணைத் திறக்காமலே.

கொறற்றி துணியைத் தண்ணீரில் போட்டு எடுத்துப் பிழிந்தாள்.